சுத்திக் காட்டு என்று கேட்கிற மகனுக்கு

பிரபு,

நான் அனுப்புகிற வாய்ஸ் மெசேஜை எல்லாம் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிட்டுத்தான் கேட்பதாக உன் வாயாலேயே ஒருநாள் சொன்னாய். "நீ இழுத்து இழுத்துப் பேசுறம்மா, எனக்கு டைம் இல்ல" என்றாய். நேராகப் போனில் பேசினாலோ, நான் விஷயத்துக்கு வருவதற்குள் "ஆர்டர் வந்துடுச்சு" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றுபோன கையெழுத்து, கோணல்மாணலாகத்தான் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படி. செல்போன் கடை ரஃபீக்கின் மச்சான் லீவு முடிந்து துபாய் திரும்புகிறான், அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை ஒட்டப்போவதில்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நம் வீட்டு அடுப்பங்கரையை, கொல்லையை, நான் தலைவிரிகோலமாகக் குந்தியிருந்ததை எல்லாம் உன் ரூமில் இருக்கிறவர்கள் பார்த்தாகிவிட்டது. இந்தக் கடிதத்துக்கு மட்டும் என்ன மறைவு வேண்டிக்கிடக்கிறது?

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் செய்தி வந்தது. "வினோவ அவங்க அம்மா வீட்டுக்கு அனுப்பிடு. நான் லீவுல வந்து பேசிக்கறேன்." அவ்வளவுதான். அதை உன் பெண்டாட்டிக்குக்கூட அனுப்பவில்லை, எனக்கு அனுப்பினாய். ஏதோ கொரியரில் வந்த செருப்பு சைஸ் சேரவில்லை, திருப்பி அனுப்பு என்பது மாதிரி. பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுப்பமாட்டேன். ஏன் என்பதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன். நடுவில் கோபம் வரும். வந்தால் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்து மிச்சத்தையும் படி.

வினோதினி பிரம்மதேசத்தில் நெல்லும் மணிலாக்கொட்டையும் போடுகிற வீட்டில் பிறந்தவள். மரக்காணத்தில் வாழ்க்கைப்படுகிற வரைக்கும் உப்பைச் சட்டியில்தான் பார்த்திருந்தாள். பி.காம். படித்தவள், வேலைக்குப் போகிறேன் என்றவள். "நான் துபாய் போறேன், அம்மா தனியா இருக்கும், கொஞ்ச நாள் வீட்ல இரு" என்று நீ சொன்னதற்காக இருந்தாள். நீ கிளம்பும்போது அவளுக்கு ஒரு போன் வாங்கிக் கொடுத்தாய். சிம் உன் பேரில். அதில் கணக்குத் திறந்து, பாஸ்வேர்டும் நீயே போட்டுக் கொடுத்தாய். தெருவில் எல்லோரும் "உம் மவன் பொண்டாட்டி மேல உசுரா இருக்கான்" என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டேன். கழுத்தில் கட்டியது போதாது என்று கையிலும் ஒன்றைக் கட்டிவிட்டுப் போகிறாய் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஆரம்பித்தது உன் வீடியோ கால். அவள் கடையில் இருந்தால் கடையைக் காட்டு. பஸ்ஸில் இருந்தால் பக்கத்து சீட்டைக் காட்டு. "சுத்திக் காட்டு, சுத்திக் காட்டு" என்பாய். அவளும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றிக் காட்டுவாள். மளிகைக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் கொல்லையில் நான் குளித்து முடித்து, ஈரப் பாவாடையை மார்பு மட்டும் ஏற்றிக் கட்டிக்கொண்டு வருகிறேன். அந்த நேரம் பார்த்து நீ "பின்னாடி காட்டு" என்றிருக்கிறாய். அவள் திருப்பிவிட்டாள். போனுக்குள்ளேயிருந்து யாரோ ஒருத்தன், உன் குரல் இல்லை அது, "ஐயோ, அம்மாடா!" என்று சிரித்தான். அன்றைக்கு முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ என்ன சொன்னாய்? "சாரிம்மா, ஸ்பீக்கர்ல இருந்துச்சு." ஸ்பீக்கரில் இருந்ததாடா தப்பு?

அதுவும் போதாமல் கேமரா வந்தது. திருட்டுப் பயமாம். நம் வீட்டில் திருட என்ன இருக்கிறது? பழைய கிரைண்டரையும் உன் அப்பா போட்டோவையும் யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? ரஃபீக் வந்து, அடுப்பங்கரை வரைக்கும் தெரிகிற மாதிரி கூடத்தில் மாட்டிவிட்டுப் போனான். போகும்போது என் முகத்தைப் பார்க்காமல், "அவருதான்மா சொன்னாரு, நான் இன்னா பண்றது" என்றான். நான் மறுநாளே அதன் மேல் துண்டைப் போட்டு மூடினேன். மத்தியானம் எதிர்வீட்டு அஞ்சலையோடு உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறேன். சுவரிலிருந்து, "அம்மா, அந்தத் துண்ட எடு" என்று உன் குரல் வந்தது. அஞ்சலை முறத்தைப் போட்டுவிட்டு எழுந்தே விட்டாள். "இன்னாக்கா, உம் மவன் செவுத்துல இருக்கறான்!" என்றாள். அப்போது சிரித்தோம். அஞ்சலை போன பிறகு பார்த்தால், வினோ சிரிக்காமல் அடுப்பங்கரை மூலையில் நின்றிருந்தாள். அந்த வீட்டில் கேமராவுக்குத் தெரியாத இடம் அது ஒன்றுதான். அவள் மணிக்கணக்காக அங்கேயே நிற்பதற்கான காரணம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

சரி, இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. உனக்குத் தெரியாததை இப்போது சொல்கிறேன்.

கோடையில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்தேன் அல்லவா, "வெயில் காய்ச்சல்" என்று உன்னிடம் சொன்னேன். வெயில் காய்ச்சல் இல்லை. ஒண்ணுக்குப் போகும்போது நெருப்பாக எரிந்தது, அடிவயிறு கிழிந்தது, குளிர் தூக்கித் தூக்கிப் போட்டது. வினோதான் என்னைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனாள். டாக்டர் சின்னப் பெண். "ஏம்மா, தண்ணி குடிக்கிறதே இல்லையா? இவ்ளோ வெயில்ல வேலை செய்யறீங்க" என்று கேட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். "சொல்லுங்கத்தே" என்று வினோ தோளைத் தொட்டாள். பிறகுதான் சொன்னேன். "குடிச்சா போவணும் டாக்டரம்மா. போவ எடம் இல்ல. அதனால விடிகாலையில வேலைக்கு எறங்குனா வீடு திரும்பற வரைக்கும் வாயக் கட்டிக்குவோம்." அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தது. பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். அனுமந்தை ஸ்டாப் தாண்டிய பிறகு வினோ, "எல்லாருமா அத்தே?" என்று கேட்டாள். "உப்பளத்துல வேல செய்யற பொம்பளைங்க எல்லாருந்தான்" என்றேன்.

இது உனக்குப் புதிதா பிரபு? உன்னைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாமல் நான் உப்பளத்துக்கு இடுப்பில் தூக்கிக்கொண்டு போன பிள்ளை நீ. நான் வேலிக்காத்தான் புதருக்குப் பின்னால் போகும்போது நீதான் வரப்பின் மேல் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நிற்பாய். யாராவது ஆம்பளை தலை தெரிந்தால் "அம்மா, ஆளு வருது! ஆளு வருது!" என்று கத்துவாய். நான் எழுந்து வருகிற வரைக்கும் திரும்பிப் பார்க்கமாட்டாய். யாரும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை அதை. இப்போது அந்தப் புதரும் இல்லை. ஈசிஆர் ரோட்டுப் பக்கம் ரிசார்ட் கட்டுகிறோம் என்று வெட்டிவிட்டார்கள். வெளியூர்க்காரர்கள் வந்து தங்கி உப்பு வயலையும் சூரியன் எழுவதையும் பார்ப்பதற்காக. சுற்றிலும் கம்பி வேலி, வேலிக்கு வேலி கேமரா. எங்களோடு உப்பு வாருகிற அஞ்சலை ஒருநாள் அவசரம் தாங்காமல் அந்த வேலியோரமாக ஒதுங்க, உள்ளேயிருந்து வாட்ச்மேன் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தான். "கேமராவுல தெரியுது, எந்திரி" என்று கத்தினானாம். பேரன் பேத்தி எடுத்தவள் அவள். அன்றைக்கு வரப்பில் உட்கார்ந்து அழுதாள். மறுநாளிலிருந்து டீ குடிப்பதையும் விட்டுவிட்டாள்.

வினோ எங்களோடு அளத்துக்கு வந்தாள். காலில் செருப்பில்லாமல் பாத்தி வரப்பில் நடக்கத் தெரியாமல் தடுமாறினாள். அந்த வெள்ளை வெயிலுக்குக் கண் கூசிக் கையால் மறைத்துக்கொண்டே எங்களுடன் ஒரு நாள் முழுவதும் இருந்தாள். தண்ணீர் பாட்டிலை மதியம் வரைக்கும் தொடவில்லை. நாங்கள் குடிக்காததால் அவளும் குடிக்கவில்லை. அப்புறம்தான் அஞ்சலையைக் கேட்டாள். "அக்கா, நீங்க பேசறத வீடியோ எடுக்கட்டுமா? மூஞ்சி தெரிய வாணாம்னா காட்டல." அஞ்சலை யோசித்தாள். "மூஞ்சிய ஏன் மறைக்கணும்? நான் இன்னா திருடிட்டேனா? எடு" என்றாள். தலையில் உப்புக் கூடை இருந்தது. அதை இறக்கக்கூட இல்லை. "இந்த உப்பு இல்லாம ஒரு வூட்லயும் உலை கொதிக்காது. இத வாரித் தூக்குற பொம்பளைக்கு மூத்திரம் போவ மறைவா ஒரு எடம் இல்ல. தண்ணி தாகம் எடுக்கும், குடிக்கமாட்டோம். குடிச்சா போவணும்." அவ்வளவுதான் அந்த வீடியோ. பாட்டில்லை, ஆட்டமில்லை. வினோவின் முகம்கூட அதில் வரவில்லை. கடைசியில் பாத்தியில் அவள் நிழல் மட்டும் கொஞ்சம் விழுந்திருந்தது.

அதை அவள் தன் கணக்கில் போட்டாள். அது எங்கெங்கேயோ போய்விட்டது. எப்படிப் போனதென்று எனக்குப் புரியவில்லை. சாயங்காலங்களில் வினோ எங்களைச் சுற்றி உட்கார வைத்துக்கொண்டு, யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டுவாள். திருப்பூர்ப் பக்கம் பனியன் கம்பெனியில் தைக்கிற ஒருத்தி, கக்கூஸ் போக டோக்கன் வாங்க வேண்டும், அதைக் கொடுக்கிற சூப்பர்வைசர் ஆம்பளை என்று எழுதியிருந்தாள். மலேசியாவில் வீட்டு வேலை செய்கிற ஒரு தமிழ்ப் பெண், அந்த வீட்டு பாத்ரூமை நான்தான் கழுவுகிறேன், ஆனால் உள்ளே போகக் கூடாது என்று எழுதியிருந்தாள். இன்னொருத்தி போன் செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. லைனை விட்டு நகர முடியாது, நானும் உங்களை மாதிரித்தான் தண்ணீர் குடிப்பதில்லை என்று எழுதியிருந்தாள். அஞ்சலை அந்தப் போனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதச் செஞ்சவளும் அடக்கிக்கினுதான் செஞ்சாளா?" என்று கேட்டாள்.  எனக்கு என் வயசில் முதல் தடவையாக ஒன்று தோன்றியது. இது எங்கள் அளத்துத் தலையெழுத்து என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். தலையெழுத்து எப்படியடா இத்தனை நாட்டில் ஒரே மாதிரி இருக்கும்? யாரோ லாபம் பார்க்கிற இடத்தில் எல்லாம் பொம்பளையின் அடிவயிறு அடமானத்தில் இருக்கிறது.

அசிங்கமாக எழுதினவன்களும் இருந்தார்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். எவனோ ஒருத்தன் நாங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்தியில் நடக்கிற இடத்தை மட்டும் வெட்டி எடுத்து, பாட்டுப் போட்டு விட்டிருந்தான். அதைத்தான் உன் ரூமில் ஒருத்தன் உனக்குக் காட்டியிருக்கிறான். நீ போன் பண்ணினாய். அன்றைக்குப் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "மானத்த வாங்கறியா? மூத்திரம் கக்கூசுன்னு ஊரே பாக்கற மாதிரி பேசிக்கினு, ச்சீ!" என்றாய். அவள், "உங்க அம்மாவுக்கு உடம்பு முடியாம போனது அதனாலதாங்க" என்றாள். நீ அதைக் காதில் வாங்கவே இல்லை. "இப்பவே எடு" என்றாய். "முடியாதுங்க. அது நான் பேசுனது இல்ல, அவங்க பேசுனது. அவங்களக் கேக்காம எடுக்க முடியாது" என்றாள். 

எனக்கு ஒன்று புரியவில்லை. வெட்டிப் பாட்டுப் போட்டவன் ஒருத்தன். அதைப் பார்த்துச் சிரித்தவன் உன் ரூமில் இருக்கிறவன். அவன்களை ஒரு வார்த்தை கேட்டாயா? இல்லை. கேட்டதெல்லாம் அவளைத்தான். தெருவில் எவனோ கல்லெறிந்தால், அடிபட்டவளைப் பிடித்து "நீ ஏன் தலையோட வெளிய வந்தே" என்று கேட்கிற கதை. ரொம்பப் பழைய கதை இது பிரபு. உன் கையில் இருக்கிற போன் மட்டும்தான் புதுசு.

 வீடியோ பரவியதைப் பார்த்து ஒன்றிய ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி அம்மா எங்களை வரச் சொன்னார். அளம் குத்தகைக்கு எடுத்திருக்கிறவர்களையும் கூப்பிட்டிருந்தார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, இருக்கிறதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு எல்லோரும் போனோம். குத்தகைக்காரர்களின் மேஸ்திரி முந்திக்கொண்டு, "அப்பிடி ஒரு கொறையும் இல்ல மேடம், இவங்க யாரும் எங்ககிட்ட கேட்டதே இல்ல" என்றான். அதிகாரி வினோவைப் பார்த்து, "அந்த வீடியோவக் காட்டும்மா, எல்லாரும் ஒரு தடவ பாக்கட்டும்" என்றார். அவள் போனை எடுத்தாள். தட்டினாள். மறுபடி தட்டினாள். அவள் முகம் வெளுத்துப்போனதை நான் பார்த்தேன். வீடியோ இல்லை. அந்தக் கணக்கே இல்லை. ஊர் ஊராகப் பெண்கள் எழுதியிருந்த ஒரு வரிகூட மிச்சமில்லை. துபாயில் உட்கார்ந்துகொண்டு, நீ போட்ட பாஸ்வேர்டை வைத்து நீயே எல்லாவற்றையும் அழித்துவிட்டாய்.

மேஸ்திரிக்கு விஷயம் எப்படித் தெரிந்ததோ, பல்லைக் காட்டினான். "வூட்டுக்காரருக்கே புடிக்கலியாம் மேடம். அவரே எடுத்துட்டாரு போல." ரூமில் இருந்த ஆம்பளைகள் சிரித்தார்கள். கடல் கடந்து நீயும் அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொண்டாய். என் மருமகள் கையில் வெறும் போனை வைத்துக்கொண்டு, படித்த பாடம் மறந்துபோன பிள்ளை மாதிரி நின்றாள். பெற்ற வயிறு எரிவது என்பார்களே, அன்றைக்கு எரிந்தது. உன்னை நினைத்து.

அஞ்சலைதான் எழுந்தாள். "வீடியோ போனா போவுது மேடம். அதுல பேசுனவ இங்கதான நிக்கிறேன்" என்றாள். கூடை இல்லாத தலையோடு, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குப் பேசியதை முதலிலிருந்து பேசினாள். வாட்ச்மேன் விசில் ஊதியதைச் சொல்லும்போது மட்டும் குரல் உடைந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பேசினாள். அப்புறம் நான் எழுந்தேன். ஆஸ்பத்திரிக் கதையைச் சொன்னேன். ஆம்பளைகள் நிறைந்த ரூமில், எனக்கு எங்கே எரிந்தது என்பதை வாய்விட்டுச் சொன்னேன் பிரபு. மானம் ஒன்றும் போய்விடவில்லை. நாங்கள் ஒவ்வொருத்தியாகப் பேசப் பேச, மேஸ்திரிதான் தரையைப் பார்க்க ஆரம்பித்தான். அதிகாரி மறுவாரமே அளத்துக்கு வந்து வரப்பில் நடந்து பார்த்தார். இப்போது தகரத்தில் இரண்டு கக்கூஸ் ரூம் வைத்திருக்கிறார்கள். தாழ்ப்பாள் இருக்கிறது, தண்ணீர் வசதி இல்லை. நாங்களே குடத்தில் கொண்டுபோகிறோம். தண்ணீர் குழாய்க்காகத் திரும்பவும் போகப்போகிறோம். எல்லாம் நடந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் அஞ்சலை டீ குடிக்கிறாள்.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் வினோ உன் சிம்மைக் கழற்றி, உன் அப்பா போட்டோவுக்கு முன்னால் வைத்தாள். மறுநாள் ரஃபீக் கடையில் அவள் பேரில் புது சிம் வாங்கினாள். நான் கூடப் போனேன். அப்படியே ரஃபீக்கைக் கையோடு அழைத்துவந்து கேமராவையும் கழற்றச் சொன்னேன். அவன் ஏணியில் ஏறிக்கொண்டே, "அண்ணன் கேட்டா இன்னா சொல்றது?" என்றான். "அவங்க அம்மா கழட்டச் சொன்னாங்கன்னு சொல்லு" என்றேன். உனக்கு அங்கே திரை கறுப்பானது அப்போதுதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குச் செய்தி போட்டாய்.

"நான் அவளுக்காகத்தான இங்க கெடந்து சாவறேன்" என்பாய். தெரியும். போன வருஷம் ஒருநாள் நீ எனக்கு மட்டும் போன் பண்ணி அழுதாய். நினைவிருக்கிறதா? நீ எங்கே நிற்கிறாய், எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்று உன் டெலிவரி வண்டியில் கம்பெனி வைத்திருக்கிற போன் பார்த்துக்கொண்டே இருக்கிறது என்றாய். நின்றால் கத்துகிறது, லேட்டானால் சம்பளத்தில் பிடித்துக்கொள்கிறார்கள் என்றாய். அந்த வெயிலில் ஒண்ணுக்கு வந்து, ஒதுங்க இடமில்லாமல், நிறுத்தவும் பயந்து, வண்டி மேலேயே... என்று சொல்லி முடிக்க முடியாமல் அழுதாய். "மனுஷனா நெனைக்கலம்மா என்ன" என்றாய். அன்றைக்கு நான் எப்படித் துடித்தேன் தெரியுமா? பத்து விரலும் இருந்தும் அங்கே எட்டி உன் தலையைத் தொட முடியவில்லையே என்று துடித்தேன். அப்படி அழுதவன், அந்தக் கம்பெனி உனக்குச் செய்கிறதையே எடுத்து அப்படியே உன் பெண்டாட்டிக்குச் செய்கிறாயே, எப்படியடா மனசு வந்தது? உன்னை ஒரு புள்ளியாக மேப்பில் வைத்துப் பார்க்கிறான் ஒருத்தன். நீ அவளைப் புள்ளியாக வைத்துப் பார்க்கிறாய். அவன் சம்பளம் கொடுக்கிறேன் என்கிறான். நீ சோறு போடுகிறேன் என்கிறாய். அவன் பாதுகாப்புக்காக என்கிறான். நீயும் அதையேதான் சொல்கிறாய். மேலிருந்து வாங்கின உதையைக் கீழே இறக்கிவைக்க உனக்கு ஒரு பொம்பளை வேண்டியிருக்கிறது. இதற்குப் பேர் குடும்பம் நடத்துவது இல்லை.

உலகம் சுருங்கிவிட்டது, எல்லாம் கைக்குள் வந்துவிட்டது என்கிறார்கள். துபாயில் உட்கார்ந்து என் அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கிற அளவுக்கு உனக்குச் சுருங்கியது. எங்கேயோ இருக்கிறவன் வந்து தங்கி, ரிசார்ட் ஜன்னல் வழியாக எங்கள் உப்பைப் பார்க்கிற அளவுக்கு அவனுக்குச் சுருங்கியது. வினோவுக்கு அடுப்பங்கரையின் ஒரு மூலை அளவுக்குச் சுருங்கியது. அதே போனை வைத்துக்கொண்டு அவள் அதைக் கொஞ்சம் அகலப்படுத்தப் பார்த்தாள். உனக்கு அது பொறுக்கவில்லை.

உன் மாமியாரும் போன் பண்ணினார். நீ அங்கேயும் செய்தி போட்டிருக்கிறாய். "நான் வந்து கூட்டிக்கினு போவட்டுமா சம்பந்தி?" என்று அழுதார். "வாங்க. வந்து ரெண்டு நாள் இருந்து மீன் கொழம்பு சாப்ட்டுட்டுப் போங்க. பொண்ண மட்டும் கூட்டிக்கினு போவாதீங்க, அவ விருப்பப்பட்டா தவிர" என்றேன். வந்தார். மகளிடம் தனியாகப் பேசினார். திரும்பும்போது என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, தனியாகத்தான் பஸ் ஏறினார்.

வினோ உன்னைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை சொல்லவில்லை. நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. நீ லீவில் வந்தால் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. நான் அவளுக்காக உன்னிடம் பேரம் பேச மாட்டேன். உனக்காக அவளிடம் பேசவும் மாட்டேன்.

ஆனால் நேற்று ஒன்று நடந்தது. அவள் புதிதாக ஒரு கணக்கு திறந்திருக்கிறாள். தண்ணீர் குழாய் விஷயமாக அஞ்சலையைப் பேசச் சொல்லி எடுத்துவிட்டு வந்தாள். சோறு தின்றுகொண்டிருக்கும்போது, நீ என்னிடம் மட்டும் அழுது சொன்னதை நான் அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லக் கூடாது என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன். முடியவில்லை. அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கண் கலங்கியது. "எங்கிட்ட சொல்லவே இல்லியே அத்தே" என்றாள்.  அப்புறம் கை கழுவிவிட்டு வந்து என்னிடம் ஒன்று கேட்டாள். அதை உன்னிடம் கேட்டு எழுதச் சொன்னாள், அதனால் அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"அவரு அத வீடியோவுல பேசுவாரான்னு கேளுங்கத்தே. பேர் வாணாம், கம்பெனி வாணாம், மூஞ்சி காட்ட வாணாம், கொரல் மட்டும் போதும். அவர மாதிரி எத்தன பேரு இருப்பாங்க. பேச இஷ்டம் இல்லன்னாலும் ஒண்ணும் இல்ல. அவரக் கேக்காம போடமாட்டேன்னு சொல்லுங்க."

அம்மா